வெறுங்கால் பதினொருவர்

என் தம்பியைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் எழுதிக்கொண்டு போகிறார்கள். கொட்டாஞ்சேனைப் பொடியன், வெறுங்காலோடு பந்தடித்தவன், பாலைவனத்தில் எரிகிற லொறியிலிருந்து இரண்டு பேரைத் தூக்கிவந்து ராசாவின் பதக்கம் வாங்கியவன். எல்லாம் சரி. ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதக்கத்துக்கு முன்னால் அவனுக்கு ஆயுள் தடை போட்டு மைதானத்தை விட்டுத் துரத்தினார்கள் என்பதை மட்டும் எழுதமாட்டார்கள். நான் சொல்லுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். பேனா அசையாது. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன். எனக்கு வயது போய்விட்டது. இனி யாருக்குப் பயப்பட? உண்மையைச் சொன்னால் அந்தக் காலத்திலும் நான் பெரிதாக யாருக்கும் பயந்தவள் இல்லை.

நாங்கள் இருந்தது துறைமுகத்துக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில். அப்பா முகத்துவாரத்தில் கடலுக்குப் போனவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துச் செத்துப்போக, தம்பியை வளர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அவனுக்கும் எனக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம், ஆனால் என் வாய்க்கு மட்டும் அறுபது வயது என்பான். நான் கலியாணம் கட்டியவர் சரக்குத் தோணிக்காரர். கப்பலிலிருந்து அரிசி மூட்டைகளைத் தோணியில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருகிற வேலை. மனிதர் கதைக்கவே மாட்டார். ஒன்று கேட்டால் "ஓம்" என்பார், திரும்பக் கேட்டால் சிரிப்பார். சம்பந்தம் பேச வந்தபோது, இவருக்கு வாயே இல்லையோ என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "உனக்கு இருக்கிறது ரெண்டு பேருக்குக் காணும்" என்றாள் பெரியம்மா.

தம்பியும் அவரும் ஒரே குழுவில் விளையாடினார்கள். அவர் நடுவில் நின்று தடுக்கிற சென்டர் ஹாஃப். தம்பி இடது ஓரத்தில் ஓடுகிறவன். மற்ற ஒன்பது பேரும் துறைமுகத்தையும் சுற்றியிருந்த தெருக்களையும் சேர்ந்தவர்கள். வேதக்காரர், சைவக்காரர், இரண்டு முஸ்லிம்கள், ஒரு சிங்களவர். பதினொருவரும் வெறுங்காலர். சப்பாத்து வாங்க வசதி இல்லாததால் மட்டும் அப்படி விளையாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்குக் கால்விரல்களால் பந்தைத் தொட வேண்டும். தொட்டால்தான் அது எங்கே போகும் என்று தெரியும் என்பான் தம்பி. சனிக்கிழமைகளில் என் பழைய சீலையைக் கிழித்துக் கணுக்காலில் இறுக்கிக் கட்டி விடுவேன். தோணிக்காரரின் கால் மரப்பலகை மாதிரி இருக்கும். தம்பியின் கால் மெல்லியது, கட்டும்போது கூச்சத்தில் நெளிவான்.

யுத்தத்துக்குச் சில வருடங்களுக்கு முன்னால், வெள்ளைக்காரச் சோல்சர்மாரின் குழுவோடு அரை இறுதியில் மோதுகிற அளவுக்கு எங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்போதுதான் லீக் கொமிட்டிக்கு எங்கள் கால்களின் மேல் திடீரென்று அக்கறை வந்தது. சப்பாத்து இல்லாமல் யாரும் மைதானத்தில் இறங்கக்கூடாது, ஆட்டக்காரரின் பாதுகாப்புக்காக என்று கடிதம் வந்தது. அதுவரை இரண்டு வருடம் சப்பாத்துக்காரரிடம் மிதிபட்டுக்கொண்டுதானே விளையாடினார்கள்? அப்போது ஒருவருக்கும் பாதுகாப்பு ஞாபகம் வரவில்லை. வெறுங்காலர் வெல்லத் தொடங்கியதும் ஞாபகம் வந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, சப்பாத்துத்தானே என்று எங்கள் ஆட்களும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். புறக்கோட்டையில் பழைய சாமான் விற்கிற இடத்தில் சில சோடி, கப்பல்காரரிடம் சில சோடி, பென்சன் எடுத்த பொலிஸ்காரர் ஒருவரிடம் ஒரு சோடி என்று பதினொரு சோடி சேர்த்துவிட்டார்கள். எல்லாம் கல்லு மாதிரி இறுகிப்போன தோல். போட்டுக்கொண்டு ஒழுங்கையில் ஓடிப் பார்த்தபோது, சேற்றில் இறங்கிய எருமைகள் மாதிரி இருந்தார்கள். சனம் வாசலில் நின்று கைதட்டிச் சிரித்தது.

இனி வருவதை நான் பெரிதாக யாரிடமும் சொன்னதில்லை. தோலை இளக்க வழி சொன்னது நான்தான். கடற்கரை வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. மரமோ தோலோ எது இறுகினாலும் சுறா எண்ணெய். அப்பா தோணிக்கும் அதைத்தான் பூசுவார், தோணியின் தோல்வாருக்கும் அதைத்தான் பூசுவார். ஆட்டத்துக்கு முதல் நாள் பதினொரு சோடியையும் எங்கள் பின்முற்றத்தில் வரிசையாக வைத்து, உள்ளும் புறமும் சுறா எண்ணெயைத் தாராளமாகத் தடவி ஊறவிட்டேன். அப்பாவின் தோணி கடலோரத்தில் காற்றுக்குள் கிடந்தது, என் முற்றம் கொட்டாஞ்சேனைப் பெருச்சாளிகளின் நடுவில் கிடந்தது என்பதை யோசிக்கவில்லை. விடியப் பார்த்தால் நாலு சோடியில் அடித்தோல் மட்டும்தான் மிச்சம். பெருச்சாளிகள் கலியாண விருந்து சாப்பிட்டுப் போயிருந்தன.

மிஞ்சிய ஏழு சோடியோடு போனார்கள். நான் போகவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் மைதானத்துக்குப் போவதில்லை. அங்கே நடந்ததைப் பிறகு கேட்டதுதான். ரெஃபரி வரிசையில் நிறுத்திக் கால்களைப் பார்த்தார். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணினார். ஏழு பேர் விளையாடலாம், நாலு பேர் வெளியே போ என்றார். எங்கள் ஆட்கள் பதினொருவரும் சப்பாத்தில்லாமல் நடுவட்டத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். விளையாடினால் பதினொரு பேரும், இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை. சோல்சர்மார் ஓரத்தில் நின்று சிகரெட் குடித்தார்கள். பொழுதுபடும் வரை ஒருவரும் எழும்பவில்லை. ஆட்டம் நடக்கவே இல்லை. ஒரு கிழமையில் கடிதம் வந்தது. பதினொரு பேருக்கும் ஆயுள் தடை, காரணம் ஒழுங்கீனம். மைதானத்துக்குள் கால் வைக்கவே கூடாது. பெயர்களைத் தாளில் அடித்து, மைதான வாசலுக்கு உட்புறம் உள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லோருக்கும் பாடமாகத் தொங்க விட்டார்கள்.

ஆட்டத்தன்று அவர்கள் வீட்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஆர் இந்த யோசனையைக் குடுத்தது?"

"நான்தான்" என்றான் தம்பி. "நான்தான் முதல்ல போய் இருந்தனான். மத்தவங்க என்னைப் பாத்து வந்து இருந்தவங்க."

அவ்வளவுதான். பிடித்தேன் அவனை. தடைக் கடிதம் வந்த அன்றைக்கு இன்னும் பலமாகப் பிடித்தேன். "உனக்கென்ன, இருபது வயசு! இன்னும் எத்தனையோ காலம் கிடக்கு. அத்தானுக்கு முப்பது தாண்டிட்டுது. மிஞ்சிப்போனால் மூண்டு வருசம் விளையாடுவார். உன்ட திமிருக்கு அதையும் புடுங்கிக் குடுத்திட்டியே!" என் கணவர் மூலையில் இருந்து தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குளித்து, தலை சீவி, போக இடமில்லாமல் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தம்பியின் மேல்தான் ஆத்திரம் வரும். சோறு போடும்போதும் ஏசினேன், உடுப்புத் தோய்க்கும்போதும் ஏசினேன். சுறா எண்ணெய் பூசியவள் நான் என்பது எனக்கு எப்படித்தான் மறந்ததோ, வசதியாக மறந்துபோயிற்று. அவன் ஒருநாளும் திருப்பிச் சொல்லவில்லை.

யுத்தம் வந்ததும் அவன் ஆமியில் சேர்ந்து லொறி ஓட்டப் போனான். விளையாட இடமில்லாதவன் வேறெங்கே போவான்? கப்பலேறும் நாளில் துறைமுகத்துக்குப் போனேன். மற்றப் பெண்கள் அழுதார்கள், செபமாலை கொடுத்தார்கள். நான், "அங்கயாவது சொன்னதைக் கேட்டு நட. உன்னால இன்னொருத்தன்ட வாழ்க்கையும் கெடக் கூடாது" என்றேன். "சரி அக்கா" என்று சிரித்தான். அந்தச் சொற்களை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், சொன்னவள் நான்.

ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டது ஈஸ்டர் ஞாயிறு காலையில். நான் கோயிலில் இருந்தேன். அவருக்குத் தோணியில் முறை. விமானங்களின் சத்தம் கேட்டதும் சனம் கலைந்து ஓடியது. நான் துறைமுகத்தை நோக்கி ஓடினேன். உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள்தான் அவரைத் தந்தார்கள். ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சனமெல்லாம் வத்தளைக்கும் அதற்கு அப்பாலும் ஓடிவிட்டது. நான் எங்கும் ஓடவில்லை. அவரை அடக்கம் செய்யாமல் எங்கே போவது?

எங்கள் பக்கத்துப் பந்தாட்டக்காரரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூட விளையாடியவன் செத்தால், அவனுடைய சட்டையைப் பெட்டியின் மேல் விரித்து, குழுவிலுள்ளவர்கள் தோளில் சுமந்து போவார்கள். லீக்கிலிருந்து நாடா கட்டிய மலர்வளையம் வரும். ஊரில் மிஞ்சியிருந்த எங்கள் ஆட்கள் லீக் ஒபீசுக்கு ஆள் அனுப்பினார்கள். தடை செய்யப்பட்டவருக்கு மலர்வளையம் அனுப்ப விதி இல்லை என்று பதில் வந்தது. வளையம் இல்லாமல் அடக்கம் செய்தோம். நாலு பூவுக்கு நான் அழவில்லை. ஆனால் அரிசிக்கப்பலிலிருந்து ஊருக்குச் சோறு இறக்கிக்கொண்டிருந்தபோது செத்த மனிதனை ஒழுங்கீனன் என்று ஒரு தாள் சொல்லிக்கொண்டிருந்தது. பெயர் இன்னும் கண்ணாடிக்குள் தொங்குகிறது என்று எங்கள் கோல்கீப்பர் வேறு வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அந்தப் பெயரை அங்கிருந்து எடுக்காமல் நான் சாவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த வருடம் பாலைவனத்திலிருந்து தம்பியின் கடிதம். வெடிமருந்து ஏற்றிய லொறி தீப்பிடித்திருக்கிறது, உள்ளே இரண்டு பேர். சப்பாத்தோடு மணலில் ஓட முடியவில்லையாம். கழற்றி எறிந்துவிட்டு ஓடி, ஒருவனைத் தூக்கிவந்து, திரும்பவும் ஓடி மற்றவனையும் தூக்கிவந்திருக்கிறான். தரையெல்லாம் எரிகிற எண்ணெய். இடது காலில் மூன்று விரல் போய்விட்டது. கோல் அடிக்கிற கால். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது இரண்டு தாள்கள் வந்தனவாம். ஒன்று, அவனுக்குப் பதக்கம் கொடுக்கச் சிபாரிசு செய்திருப்பதாக. மற்றது, அரசாங்கத்துக்குச் சொந்தமான சப்பாத்து ஒரு சோடியைத் தொலைத்ததற்கு விளக்கம் கேட்டு. "அவசரத்தில் இருந்தேன் என்று எழுதிக் கொடுத்தேன், அக்கா" என்று எழுதியிருந்தான். அவருடைய சாவைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தான்: அத்தான் போன பிறகு பந்தை நினைக்கப் பிடிக்கவில்லை.

யுத்தம் முடிந்து ஒரு கைத்தடியோடும், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சப்பாத்தோடும் வந்து சேர்ந்தான். நெஞ்சில் பதக்கம். ஒழுங்கையே திரண்டு வந்து பார்த்தது. அதற்குப் பின்னால் ஒரு மாதத்தில், வெள்ளவத்தையிலிருந்து காரில் வந்து இறங்கினார் லீக் செக்ரட்டரி. யாழ்ப்பாணத்துப் பெரிய உத்தியோகக்காரர், வெள்ளைக் கோட்டு. எங்கள் கதிரையில் உட்காருமுன் கைக்குட்டையால் அதைத் தட்டினார். தடைக் கடிதத்தின் கீழே இருந்த கையெழுத்து இவருடையதுதான்.

"தம்பி, வாற சனிக்கிழமை லீக் துவங்குது. பிரிகேடியர் துரையும் வாறார். நீர் யூனிபோமோட வந்து பந்தை ஒருக்கா உதைச்சால் காணும். எங்களுக்கெல்லாம் பெருமை."

"எனக்குத் தடை இருக்கே, ஐயா" என்றான் தம்பி.

"அதையெல்லாம் ஆர் இப்ப நினைக்கினம்? விட்டுத்தள்ளும்."

"நாங்க நினைக்கிறம்" என்றேன் குசினி வாசலில் நின்று. "பதினொரு பேரையும் தாளிலயிருந்து எடுங்க. பிறகு அவன் வருவான்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதற்குக் கொமிட்டி கூட வேண்டும், இப்போது நேரமில்லை, பிறகு பார்ப்போம் என்று தம்பியிடமே சொன்னார். அவனோ வருகிறேன் என்று தலையாட்டிவிட்டான். கார் போனதும் நான் பாய்ந்தேன். "உனக்கு வெட்கமில்லையோ? அத்தான்ட பேர் அங்க தொங்க, நீ போய்ப் பந்து உதைக்கப்போறியோ?"

"பொறுங்க அக்கா. அவங்க போட்ட தடையை நாங்க ஒழுங்கா மதிப்பம்" என்றான்.

சனிக்கிழமை நானும் போனேன். கறுப்புச் சீலையோடு, முதல் தடவையாக. மைதானம் கோட்டைப் பக்கம், ஏரிக்கு அருகில். பழைய ஆட்களில் ஆறேழு பேர் தெருவின் எதிர்ப்புறத்தில் நின்றார்கள். உள்ளே கொடி, கூடாரம், பாண்டு வாத்தியம். தம்பி பதக்கத்தோடு வாசல் வரை நடந்துபோய், வாசல் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே நிமிர்ந்து நின்றான். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன். பிரிகேடியர் எழும்பிப் பார்க்கிறார். பாண்டுக்காரர் ஒரு பாட்டை முடித்துவிட்டு அதையே திரும்பவும் வாசிக்கிறார்கள். செக்ரட்டரி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஏன் இங்க நிக்கிறீர்? எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம்!"

"உள்ள வர ஏலாது, ஐயா. வாழ்நாளைக்கும் கால் வைக்கக்கூடாதெண்டு நீங்கதானே கையெழுத்து வச்சுக் கடிதம் அனுப்பினீங்க. ஆமியில சேர்ந்த பிறகு நான் விதி மீறுறதில்லை."

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். செக்ரட்டரியின் கழுத்து வேர்த்தது. திரும்பி ஓடினார், கூடாரத்துக்குள் யாருடனோ கதைத்தார், மறுபடி வந்தார். கொமிட்டியில் பெரும்பாலானோர் இங்கேதான் இருக்கிறார்கள், தம்பியின் தடை இந்த நிமிடமே நீங்கியது, வாரும் என்றார்.

"பதினொண்டு" என்றான் தம்பி.

செக்ரட்டரி பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மஞ்சளாகிப் போன அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். பெயர்களைப் பார்த்துத் தடை நீங்கியதென்று எழுதப் பேனாவைத் திறந்தவர், முதல் பெயரிலேயே நின்றுவிட்டார்.

"பத்துப் பேருக்குத் தரலாம். இவர் ஒருத்தருக்கு மட்டும் ஏலாது."

"ஆர் அது?" என்றேன். பெயரைச் சொன்னார். என் கணவருடைய பெயர்.

"அவர் செத்திட்டார். இனி வந்து விளையாடமாட்டார், பயப்படாதேங்க. எழுதுங்க."

"அது பாவம்தான், அம்மா. செத்ததால சொல்லேல்லை. இவர்தான் மற்றவையைத் தூண்டி விட்டவர். ரெஃபரி அப்பிடியே எழுதித் தந்தது கிடக்கு. தூண்டினவருக்குத் தடை நீக்கினால் நாளைக்கு ஆர் ரெஃபரிக்குப் பணிவினம்?"

"அது அவரில்லை. அது இவன்!" என்று தம்பியைக் காட்டினேன். "இவன்தான் முதல்ல போய் இருந்தவன்."

செக்ரட்டரி தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கன்னியர் மடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த இங்கிலீஷ் எனக்கு அதற்குக் காணும். என் கணவரின் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே தனியாக இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தது இதுதான்: சப்பாத்து அணிந்திருந்தும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு முதலில் அமர்ந்தவர், மற்ற பத்துப் பேரையும் கூவி அழைத்து அமரச் செய்தவர்.

சப்பாத்து அணிந்திருந்தும். அந்த ஏழு சோடியில் ஒன்று அவருடையது. அவர் விளையாடியிருக்கலாம். எனக்கு முன்னால் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத மனிதர், அவ்வளவு சனத்துக்கும் வெள்ளைக்காரனுக்கும் முன்னால் கூவியிருக்கிறார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிர்ப்புறம் திரும்பினேன். கோல்கீப்பர் வானத்தைப் பார்த்தார். மற்றவர்கள் ஏரியைப் பார்த்தார்கள். அப்போதுதான் விளங்கியது. ஒழுங்கை முழுக்கத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது.

"பத்துப் பேருக்கு எழுதட்டோ, இல்லையோ?" என்றார் செக்ரட்டரி. "துரை பாத்துக்கொண்டு நிக்கிறார்."

தம்பி என்னைப் பார்த்தான். எனக்கு அந்த நேரம் என்ன வந்ததென்று தெரியாது. செக்ரட்டரியின் கையிலிருந்த தாளை வெடுக்கென்று பறித்தேன். நாலாக மடித்து இரவிக்கைக்குள் வைத்துச் சீலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"அம்மா! அது லீக்கின்ட ஆவணம்!" கையை நீட்டியவர், எங்கே நீட்டுகிறோம் என்று தெரிந்ததும் சுட்டுக்கொண்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார்.

"இனி அது என்ட புருசன்ட ஆவணம்" என்றேன். "வேணுமெண்டால் பொலிசைக் கூப்பிடுங்க. நான் ஓடமாட்டன்."

தம்பி கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கூடாரத்தின் பக்கம் நோக்கி முறைப்படி ஒரு சல்யூட் அடித்தான். துரையும், பாவம், என்ன நடக்கிறதென்று விளங்காமல் பதிலுக்குச் சல்யூட் அடித்தார். பிறகு நாங்கள் திரும்பி நடந்தோம். பந்தைப் பிரிகேடியரின் மனைவி உதைத்ததாகவும் அது பக்கவாட்டில் போய்ப் பாண்டுக்காரனின் மேளத்தில் பட்டதாகவும் அடுத்த நாள் கேள்விப்பட்டோம்.

ஒருவரும் பொலிசுக்குப் போகவில்லை. ஒரு விதவை கையிலிருந்து பறித்துக்கொண்டு போனாள் என்று எந்த ஸ்டேசனில் போய் எழுதிக் கொடுப்பது? அவர்களிடம் அந்தத் தாளுக்கு மறுபிரதியும் இருக்கவில்லை. அடுத்த வருடம் எங்கள் ஆட்களில் காலில் இன்னும் பலம் இருந்த ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். தடை பற்றியோ சப்பாத்து விதி பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதில் மூன்று பேர் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ட்ராம் காரில் தம்பிக்குப் பக்கத்தில் இருந்தேன். ட்ராம் புறக்கோட்டையைத் தாண்டியது. பிறகு கேட்டேன்.

"ஏன்டா சொல்லேல்லை?"

"அத்தான் வேண்டாமெண்டவர்."

"ஏனாம்?"

"மைதானத்திலயிருந்து வரேக்க என்ட கையைப் பிடிச்சுக்கொண்டார். 'மச்சான், உன்ட அக்கா உன்னை ஏசினால் நீ தெருவில இறங்கிப் போகலாம். என்னை ஏசினால் நான் எங்க போறது? நீ செய்ததெண்டு சொல்லு' எண்டார். அவர் அவ்வளவு கதைச்சு நான் கண்டதே இல்லை, அக்கா. ஓமெண்டுட்டன்."

"அவர் செத்த பிறகாவது சொல்லியிருக்கலாம்தானே?"

"செத்த மனிசனைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களோ?"

எத்தனை வருடம் ஏசியிருக்கிறேன். கப்பலடியில் நான் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டுதான் அவன் யுத்தத்துக்குப் போயிருக்கிறான், அதைச் சுமந்துகொண்டுதான் நெருப்புக்குள் ஓடியிருக்கிறான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு பெரிய வாய், அந்த ஒரு சொல்லுக்கு வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ட்ராம் கண்டக்டர் சிங்களத்தில் என்ன நடந்ததென்று கேட்டான். "ஒன்றுமில்லை அண்ணே, அக்காவுக்குக் கால் வலி" என்று அவனுக்குச் சிங்களத்தில் பதில் சொன்னான், மூன்று விரல் இல்லாத என் தம்பி.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மாதம்பிட்டிச் சவக்காலைக்குப் போனேன். அவருடைய கல்லறைக்கு முன்னால் நின்று தாளை எடுத்து விரித்தேன். பிறகு தொடங்கினேன். அவர் பயந்து ஒளித்த அந்த ஏச்சு முழுவதையும் அங்கே வைத்துக் கொடுத்தேன். சப்பாத்து இருந்தும் கழற்றி எறிந்ததற்கு ஏசினேன். வீட்டில் ஒரு சொல்லும் பேசாதவர் ஊருக்கு நடுவில் கூவியதற்கு ஏசினேன். பொடியனைப் பலி கொடுத்துவிட்டு மூலையில் இருந்து தேநீர் குடித்ததற்கு ஏசினேன். உயிரோடு இருந்து வாங்கிக் கட்டியிருக்க வேண்டியதை இப்படி என்னைத் தனியாக நிற்க வைத்து வாங்குகிறீர்களே என்று ஏசினேன். பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். தம்பி கைத்தடியில் சாய்ந்து, கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தொண்டை கட்டிப்போகும் வரை ஏசினேன். ஒரு சொல்லும் மிச்சம் வைக்கவில்லை. பிறகு குனிந்து, "நல்லாத்தான் செய்தீங்க" என்று அவருக்குச் சொன்னேன்.